உங்களுக்குத் தெரியுமா? மின்னுவது குரோமியம், காப்பது நிக்கல்

மோட்டார் சைக்கிள் ஹேண்டில்பார், சைக்கிள் ரிம், குளியலறைத் துண்டுக் கம்பி, உணவகத்து நாற்காலிக் கால் என்று பளபளக்கும் இரும்புச் சாமான் எதைக் கண்டாலும் ‘குரோம் பிளேட்டிங்’ என்று சொல்லிவிடுகிறோம். கடையில் எல்லாம் ஒன்றுபோலத்தான் மின்னுகின்றன. வீட்டுக்கு வந்த பிறகு ஒன்று பல ஆண்டுகள் நிற்கிறது. இன்னொன்று முதல் மழைக்காலத்திலேயே செம்புள்ளி போடுகிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் வாங்கும்போதும் பராமரிக்கும்போதும் ஏமாறாமல் இருக்கலாம்.

கால் மைக்ரான் அழகு

அழகுக்காகப் பூசப்படும் குரோமியத்தின் தடிமன் பெரும்பாலும் கால் மைக்ரான். மிஞ்சினால் அரை மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை நாலாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறுதான் கால் மைக்ரான். அதற்கு அடியில் 10 முதல் 40 மைக்ரான் வரை நிக்கல் இருக்கிறது. ‘குரோம்’ என்று நாம் காசு கொடுத்து வாங்கும் பூச்சில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் நிக்கல்தான். எஃகைத் துருவிலிருந்து காக்கும் பொறுப்பில் பெரும்பங்கும் அதனுடையதே.

அப்படியானால் குரோமியம் எதற்கு?

நிக்கல் மட்டும் பூசிய பொருள் நாளடைவில் மஞ்சளித்து மங்கும். 1920களின் நடுப்பகுதி வரை வந்த கார்களில் ரேடியேட்டர் சட்டமும் விளக்குக் கிண்ணமும் நிக்கல் பூச்சுடன் இருந்தன. அவற்றை அடிக்கடி தேய்த்து மெருகேற்ற வேண்டியிருந்தது. குரோமியத்தின் மேல் காற்று பட்டதும் சில நானோமீட்டர் தடிமனில் நிறமற்ற ஆக்சைடு படலம் தானாகவே உருவாகிறது. அது கீறினாலும் காற்றிலுள்ள ஆக்சிஜன் மறுபடி மூடிவிடும். அந்தப் படலம் இருக்கும்வரை நீலம் கலந்த வெண்மை மங்காது. குரோமியம் கடினமான உலோகம் என்பதால் அன்றாட உராய்வையும் தாங்குகிறது.

முலாம் தொட்டிக்கு வர எழுபது ஆண்டுகள்

பிரெஞ்சு வேதியியலாளர் லூயி நிக்கோலா வொக்லான் 1797-ல் சைபீரியச் செந்நிற ஈயத் தாதுவில் குரோமியத்தைக் கண்டறிந்தார். ராபர்ட் புன்சன் 1854-ல் மின்சாரத்தின் உதவியால் அதைப் படியவைத்தார். தொழிலுக்குப் பயன்படும் செய்முறை வர மேலும் எழுபது ஆண்டுகள் ஆயின. ஜார்ஜ் சார்ஜென்ட் 1920-ல் வெளியிட்ட ஆய்வும், பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காலின் ஃபிங்க் செய்த ஆய்வும் வழியைத் திறந்தன. லிட்டருக்கு 250 கிராம் குரோமிக் அமிலம், அதில் நூறில் ஒரு பங்கு சல்பேட் என்பது அன்று உருவான அளவு. இன்றும் பட்டறைகளில் இதுவே பாலபாடம்.

பளபளப்பை வைத்துத் தரம் சொல்ல முடியாது

நிக்கல் தொட்டிக்கு அடிப்படையான கலவையை அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலிவர் வாட்ஸ் 1916-ல் தந்தார். நிக்கல் சல்பேட், நிக்கல் குளோரைடு, போரிக் அமிலம் மூன்றும் சேர்ந்தது அது. சதுர டெசிமீட்டருக்கு 4 ஆம்பியர் என்ற கணக்கில் மின்சாரம் விட்டால் 30 மைக்ரான் நிக்கல் படிய ஏறத்தாழ நாற்பது நிமிடம் ஆகும். அதன்மேல் குரோமியம் ஏறச் சில நிமிடங்களே போதும்.

வம்பு இங்கேதான் தொடங்குகிறது. தொட்டியில் ‘பிரைட்னர்’ சேர்த்திருப்பதால் பத்து நிமிடத்திலேயே பொருள் பளபளத்துவிடும். அந்த நிலையில் எடுத்துக் குரோமியம் ஏற்றினால் பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாது. ஆனால் உள்ளே இருப்பது எட்டு மைக்ரான் நிக்கல் மட்டுமே. செலவைக் குறைக்க நினைக்கும் பட்டறை கைவைப்பது இந்த நேரத்தில்தான். விலை மலிந்த சாமான் முதல் மழையிலேயே துருப்பிடிப்பதற்கு இது முக்கியமான காரணம்.

துத்தநாகம் தன்னைக் கொடுக்கும், நிக்கல் கொடுக்காது

நாகமுலாம் பூசிய தகரத்தில் கீறல் விழுந்தாலும் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்காது. துத்தநாகம் முதலில் தான் அரிந்து இரும்பைக் காக்கும். நிக்கலும் குரோமியமும் அப்படிப்பட்டவை அல்ல. மின்வேதியியல் வரிசையில் இரும்பைவிட நிக்கல் உயர்ந்த இடத்தில் இருக்கிறது. பூச்சில் எஃகு வரை போகும் துளை ஒன்று இருந்து, அதில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகும். அந்த மின்கலத்தில் கரைவது எஃகு. சுற்றியுள்ள பரந்த நிக்கல் பரப்பு முழுவதும் ஊசிமுனை அளவுள்ள எஃகின்மேல் அரிப்பைக் குவிக்கும். அரைகுறையாக நிக்கல் பூசிய இரும்பு, துளை விழுந்த இடத்தில் வெறும் இரும்பைவிட வேகமாக ஓட்டையாவதற்கு இதுவே காரணம்.

துளையைக் காட்டும் நீலப் புள்ளி

எஃகு வரை இறங்கிய துளைகளைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. உப்பும் பொட்டாசியம் ஃபெரிசயனைடும் கலந்த நீரில் நனைத்த வடிதாளைப் பூச்சின்மேல் ஒட்டிவைப்பார்கள். எங்கே எஃகு வெளிப்படுகிறதோ அங்கே தாளில் அடர்நீலப் புள்ளி விழும். புள்ளிகளை எண்ணினாலே பூச்சின் நிலை தெரிந்துவிடும். இதற்கு ஃபெராக்ஸில் சோதனை என்று பெயர்.

இரட்டை நிக்கல் என்ற தந்திரம்

துளையே இல்லாத பூச்சு என்பது நடைமுறையில் கிடைப்பது அரிது. ஆகவே பொறியாளர்கள் வேறு வழியில் யோசித்தார்கள். துளை விழட்டும், அரிப்பு கீழ்நோக்கி இறங்காமல் பக்கவாட்டில் திரும்பட்டும் என்பதே அந்த யோசனை. 1950களில் இது செயலுக்கு வந்தது.

எஃகின்மேல் முதலில் கந்தகம் ஏறக்குறைய இல்லாத அரைப்பளபளப்பு நிக்கல். அதன்மேல் கந்தகம் கலந்த முழுப்பளபளப்பு நிக்கல். கந்தகம் சேர்ந்த நிக்கல் எளிதில் அரியக்கூடியது. அரிப்பு மேலடுக்கைத் துளைத்து இரண்டும் சந்திக்கும் எல்லைக்கு வந்ததும், மேலடுக்கு தன்னைக் கரைத்துக் கீழடுக்கைக் காக்கத் தொடங்குகிறது. துளை ஆழமாவதற்குப் பதில் அகலமாகிறது. எஃகை எட்ட நெடுங்காலம் பிடிக்கிறது. எஃகுக்கு மொத்த நிக்கலில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் கீழடுக்கு இருக்க வேண்டும் என்பது தரவிதி.

நூறு மில்லிவோல்ட் காவல்

இரட்டை நிக்கலில் மேலடுக்கு கீழடுக்கைக் காக்க வேண்டுமானால் அவற்றுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு வேண்டும். பொதுவாக அது நூறு மில்லிவோல்ட்டுக்குக் குறையக்கூடாது. பூச்சின் ஒரு சிறு வட்டத்தை மட்டும் மின்சாரத்தால் படிப்படியாகக் கரைத்து, அடுக்கு மாறும்போது மின்னழுத்தம் எவ்வளவு தாவுகிறது என்று அளப்பார்கள். ஒரே அளவையில் தடிமனும் தெரியும், அடுக்குகளின் உறவும் தெரியும்.

பத்தாயிரம் துளை போட்டால் நல்லது!

இந்தத் துறையின் மிகச் சுவையான உண்மை இது. குரோமியத்தில் ஒன்றிரண்டு துளை இருந்தால் ஆபத்து. ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்தாயிரத்துக்கு மேல் இருந்தால் பாதுகாப்பு!

குரோமியத்தின் பரந்த பரப்பு ஒரு பக்கம், துளைவழியே தெரியும் நிக்கல் மறுபக்கம். அரிப்பு மின்னோட்டத்தின் மொத்த அளவு ஏறக்குறைய ஒன்றுதான். அது ஒரே துளையில் குவிந்தால் நிக்கலைக் குடைந்து எஃகில் போய் நிற்கும். பத்தாயிரம் துளைகளில் பிரிந்தால் எந்தத் துளையிலும் வேகம் இருக்காது. ஏரி நிரம்பும்போது கரை ஓரிடத்தில் உடைத்துக்கொண்டால் ஊர் அழியும். அதே நீர் நீண்ட கலங்கல் முழுவதும் வழிந்தால் யாருக்கும் கேடில்லை. அதே கணக்குத்தான் இதுவும்.

இந்தத் துளைகளை எப்படிப் போடுகிறார்கள்? பளபளப்பு நிக்கலுக்கு மேல், கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் கலந்த மிக மெல்லிய நிக்கல் படலம் ஒன்றை ஏற்றுகிறார்கள். மின்சாரம் கடத்தாத அந்தத் துகள்களின்மேல் குரோமியம் படியாது. துகள் இருக்கும் இடமெல்லாம் நுண்துளை. பளபளப்பு குன்றுவதில்லை.

துளைகளை எண்ணும் செம்பு

நுண்துளைகள் போதுமான அளவுக்கு விழுந்தனவா என்று பார்க்க டப்பர்னெல் சோதனை உதவுகிறது. பொருளைச் செம்பு சல்பேட் கரைசலில் வைத்துச் சற்று மின்சாரம் விடுவார்கள். குரோமியத்தின் ஆக்சைடு படலத்தில் செம்பு ஒட்டாது. துளையில் தெரியும் நிக்கலில் ஒட்டும். பிறகு நுண்ணோக்கியில் செம்புப் புள்ளிகளை எண்ணினால் போதும்.

தடித்த குரோமியம் நல்லதா?

இல்லை. அரை மைக்ரானைத் தாண்டினால் சாதாரணக் குரோமியம் தன் உள்ளிறுக்கம் தாங்காமல் தானே வெடிக்கும். கட்டுப்பாடின்றி விழும் பெரிய வெடிப்புகள் எஃகுக்குப் பகை. ஆனால் இந்த இயல்பையே நன்மைக்குத் திருப்பி, ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் 250-க்கு மேல் நுண்வெடிப்புகள் விழும்படி செய்யும் முறையும் உண்டு. நுண்துளை செய்யும் அதே வேலையை நுண்வெடிப்பும் செய்யும்.

தரவிதி சொல்லும் தடிமன்

பூச்சு எந்தச் சூழலில் உழைக்கப்போகிறது என்பதைப் பொறுத்து அமெரிக்கத் தரவிதி ஏ.எஸ்.டி.எம். பி456 ஐந்து நிலைகளை வகுக்கிறது. எஃகின்மேல் வேண்டிய குறைந்தபட்ச நிக்கல் இதுதான்:

உலர்ந்த அறைக்குள்: 10 மைக்ரான் பளபளப்பு நிக்கல்.
ஈரம் படியும் சமையலறை, குளியலறை: 20 மைக்ரான்.
மழையில் அவ்வப்போது நனையும் வெளியிடம்: 30 மைக்ரான் இரட்டை நிக்கல்.
காரின் வெளிப்புறம், படகுச் சாமான்: 40 மைக்ரான் இரட்டை நிக்கல்.
அதே கடுமையை நெடுங்காலம் தாங்க: 35 மைக்ரான் இரட்டை நிக்கல், மேலே நுண்துளை அல்லது நுண்வெடிப்புக் குரோமியம்.

நாலாவது நிலையில் சாதாரணக் குரோமியத்துக்குப் பதில் நுண்துளைக் குரோமியம் பூசினால் 40-க்குப் பதில் 30 மைக்ரான் நிக்கலே போதும். கண்ணுக்குத் தெரியாத துளைகள் பத்து மைக்ரான் நிக்கலை மிச்சப்படுத்துகின்றன. உலகத் தரவிதி ஐ.எஸ்.ஓ. 1456. நம் நாட்டில் இதற்குரியது ஐ.எஸ். 1068.

இருபது மில்லிமீட்டர் உருண்டை

தரவிதி சொல்லும் தடிமன் பொருளின் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருண்டையால் தொடக்கூடிய பரப்புக்கே அது பொருந்தும். உள்மூலை, குறுகிய பள்ளம், குழாயின் உட்புறம் ஆகியவற்றில் மின்சாரம் சரியாகப் பாயாது. நிக்கல் மெலிந்தே படியும். குரோமியம் சில இடங்களில் படியவே படியாது. அங்கே நிக்கலின் இளமஞ்சள் தெரியும். அதனால்தான் பற்றவைத்த மூட்டு, வளைவின் உட்பக்கம், கம்பியின் அடிப்புறம் ஆகியவற்றில் முதல் துரு தலைகாட்டுகிறது. வாங்கும்போது முகப்பைவிட இந்த இடங்களைப் பாருங்கள்.

பஃபிங் பாதி வேலை

எஃகில் இருக்கும் கீறல், குழி, பழைய துரு ஆகியவற்றின்மேல் நிக்கல் ஏறினாலும் அந்த இடத்தில் பூச்சு துளையுள்ளதாகவே இருக்கும். எமரி பிடித்து, பஃபிங் போட்டு, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, அமிலத்தில் கழுவிய பிறகே தொட்டியில் இறக்க வேண்டும். பழைய பூச்சை முழுவதும் நீக்காமல் அதன்மேலேயே ஏற்றிய ‘ரீபிளேட்டிங்’ செதில் செதிலாக உரிந்துவரும்.

செம்பு அடியில் வந்தால்

நிக்கலுக்கு அடியில் செம்பு ஏற்றுவதும் உண்டு. செம்பு மென்மையானது; நுண்கீறல்களை நிரவி எளிதில் மெருகேறும். ஆனால் எஃகை நேராகச் செம்பு சல்பேட் தொட்டியில் போட்டால் ஒட்டாத செம்புப் பொடிதான் படியும். முதலில் வேறொரு தொட்டியில் மெல்லிய அடித்தளம் போட்ட பிறகே அதில் இறக்குவார்கள்.

போர் துருப்பிடிக்கவைத்த கார்கள்

1950-ல் கொரியப் போர் மூண்டபோது அமெரிக்க அரசு நிக்கலைப் படைத்தேவைக்கு ஒதுக்கியது. கார் நிறுவனங்கள் பம்பர்களில் நிக்கலைக் குறைத்தன. சிலவற்றில் செம்பின்மேல் நேராகக் குரோமியம் பூசி, மேலே நிறமற்ற வார்னிஷ் அடித்தன. பளபளப்பில் குறைவில்லை. ஆயுளில் குறைவு வந்தது. அந்த ஆண்டுகளில் வந்த கார்களின் குரோமியப் பாகங்கள் சீக்கிரம் துருப்பிடித்தன. நிக்கலே காவல் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

ஒரு நாளில் பல மாதங்கள்

பூச்சு நிலைக்குமா என்பதை அறிய ஆண்டுக்கணக்கில் காத்திருக்க முடியாது. உப்புத் தூவல் அறையில் 5 சதவீத உப்புநீரை 35 டிகிரி செல்சியஸில் பனிபோலப் பரவவிடுவது பழைய முறை. கடல்நீரில் உப்பு ஏறக்குறைய 3.5 சதவீதம்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். நல்ல குரோமியப் பூச்சைச் சோதிக்க அதுவும் போதாது என்பதால் ‘காஸ்’ சோதனை வந்தது. உப்புநீரோடு அசெட்டிக் அமிலமும் லிட்டருக்கு 0.26 கிராம் செம்பு குளோரைடும் சேர்த்து 50 டிகிரியில் தூவுவார்கள். அதில் மோசமான பூச்சு ஒரு நாளுக்குள் தன் குணத்தைக் காட்டிவிடும்.

பத்துக்கு எத்தனை?

சோதனை முடிந்ததும் பரப்பில் எத்தனை சதவீதம் கெட்டிருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். குறையே இல்லையென்றால் 10. ஆயிரத்தில் ஒரு பங்கு கெட்டால் 9. நூற்றில் ஒரு பங்கு கெட்டால் 6. பத்தில் ஒரு பங்கு கெட்டாலோ 3 மட்டுமே.

காரைக்குடியும் மண்டபமும்

மின்முலாமும் உலோக அரிப்பும் குறித்த ஆய்வில் இந்தியாவின் முதன்மை நிறுவனம் நம் காரைக்குடியில் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் நிதியிலும் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953-ல் திறக்கப்பட்டது. உப்புக்காற்று ஓயாத மண்டபம் கடற்கரையில் உலோகங்களைத் திறந்தவெளியில் வைத்துச் சோதிக்கும் நிலையத்தையும் அது நடத்திவந்திருக்கிறது. கடலோரத்தில் வாழும் நமக்கு இந்த ஆய்வு வெறும் ஏட்டறிவன்று. நம் வீட்டுச் சன்னலுக்கும் வண்டிக்கும் தேவையான அறிவு.

சைலன்ஸரை உள்ளிருந்து தின்னும் நீர்

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. எஞ்சின் சூடாகும் முன்பே வண்டியை நிறுத்திவிட்டால் அந்த நீராவி சைலன்ஸருக்குள்ளேயே நீராகித் தங்கும். உட்புறத்தில் குரோமியம் இல்லை. வெளியே மின்னிக்கொண்டிருக்கும்போதே உள்ளே துரு வேலையைத் தொடங்கியிருக்கும். குழாயின் தொடக்கத்தில் தெரியும் நீல, மஞ்சள் நிறங்கள் துரு அல்ல. அவை வெப்பத்தால் தடித்த ஆக்சைடு படலத்தின் நிறங்கள்.

துருப்பிடிக்காத எஃகு வேறு

நியூயார்க்கின் கிரைஸ்லர் கட்டட உச்சி 1930 முதல் மின்னுகிறது. பலரும் அதைக் குரோம் பிளேட்டிங் என்று நினைக்கிறார்கள். அது எஃகோடு குரோமியத்தையும் நிக்கலையும் உருக்கிச் சேர்த்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். எஃகில் 10.5 சதவீதத்துக்குக் குறையாமல் குரோமியம் கலந்திருந்தால்தான் அது ஸ்டெயின்லெஸ். அதில் கீறல் விழுந்தாலும் உள்ளே இருப்பது அதே உலோகம். முலாமில் கீறல் ஆழமானால் உள்ளே இருப்பது துருப்பிடிக்கும் எஃகு.

கழிப்பறை ஆசிட் குரோமியத்தின் எமன்

பட்டறையில் பழைய குரோமியத்தைக் கழற்ற எதைப் பயன்படுத்துகிறார்கள்? ஹைட்ரோகுளோரிக் அமிலம். கழிப்பறை கழுவும் திரவங்கள் பலவற்றில் இருப்பதும் அதுவே. உப்புக்கறை போகட்டும் என்று துண்டுக் கம்பியிலும் குழாயிலும் அதை ஊற்றுவது குரோமியத்தை நாமே கழற்றுவதற்குச் சமம். குளோரின் கலந்த பிளீச்சிங் நீரும் பூச்சில் குழி விழவைக்கும்.

பனிநாட்டுச் சேறு

ரஷ்யாவில் சாலைப் பனியை உருக்கக் கால்சியம் குளோரைடு தூவுகிறார்கள். அது சேற்றோடு சேர்ந்து காரில் ஒட்டும்போது குரோமிய அடுக்கே கரைகிறது. உள்ளே இருக்கும் நிக்கல் வெளியே தெரிகிறது. இந்த ஒரு சிக்கலுக்காகவே கார் நிறுவனங்கள் தனிச் சோதனை வைத்திருக்கின்றன.

பளபளப்பின் விலை

குரோமியத் தொட்டியில் செல்லும் மின்சாரத்தில் பத்து முதல் இருபது சதவீதமே உலோகத்தைப் படியவைக்கிறது. மீதியில் பெரும்பகுதி ஹைட்ரஜன் குமிழிகளாகிறது. குமிழி வெடிக்கும்போது குரோமிக் அமிலம் புகைபோல மேலெழுந்து தொழிலாளியின் மூச்சில் கலக்கும். அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

இதன் கொடுமையை ராணிப்பேட்டை அறியும். சோடியம் பைகுரோமேட் தயாரித்த ஆலை ஒன்று 1990களில் மூடப்பட்ட பிறகும் லட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவு அங்கே குவிந்து கிடந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது. பிளேட்டிங் தொட்டிக்குப் போகும் குரோமிக் அமிலமும் பைகுரோமேட்டிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. கழிவுநீரைச் சோடியம் மெட்டாபைசல்பைட்டால் மூன்று இணைதிறனுக்கு மாற்றி, சுண்ணாம்பு இட்டுப் படியவைத்துப் பிரிக்கும் வழி நன்கு தெரிந்த ஒன்று. அதைச் செய்யாமல் சாக்கடையில் விடுவது மன்னிக்க முடியாத குற்றம்.

மாற்று வந்துவிட்டது

தொட்டியிலேயே மூன்று இணைதிறன் குரோமியத்தைப் பயன்படுத்தும் முறை 1970களின் நடுப்பகுதியிலிருந்து தொழிலில் இருக்கிறது. நிறம் சற்றே கருமை தட்டும். ஆனால் இந்தப் பூச்சில் நுண்துளைகள் இயல்பாகவே அமைவதால் துருவைத் தாங்கும் ஆற்றலில் குறைவில்லை. கலிபோர்னியா மாநிலம் 2027 ஜனவரி 1 முதல் அழகுக் குரோமியப் பூச்சுக்கு ஆறு இணைதிறன் முறையைத் தடைசெய்து 2023-ல் விதி இயற்றியிருக்கிறது.

உங்கள் கையில் இருப்பது

வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி ஈரம் போகத் துடையுங்கள். கடலோரத்தில் இது கட்டாயம். மாதம் ஒருமுறை மெழுகுப் பாலிஷ் பூசினால் நுண்துளைகளில் உப்புநீர் இறங்காது. செம்புள்ளி தெரிந்தால் அலுமினியத் தாளை நீரில் நனைத்து மெல்லத் தேயுங்கள். அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானது, கீறாது. உப்புக்காகிதம் வேண்டாம்.

பிளேட்டிங் பட்டறைக்குப் போனால் ‘எவ்வளவு பளபளக்கும்?’ என்று கேட்காதீர்கள். ‘நிக்கல் எத்தனை மைக்ரான், ஒற்றையா இரட்டையா, கழிவுநீரை என்ன செய்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் நேரான பதில் சொல்லும் பட்டறைக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.